பிள்ளைகளை எங்கே விடுவது? அம்மாச்சி வீடு, விடுதி, ஹோம், தத்து: ஓர் ஒப்பீடு

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்து, வாடகைப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். நான் அங்கே நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர். இறந்துபோன பெண் என்னிடம் படித்தவள். அவள் கணவர் நான்கு வருடம் முன்பே தவறிவிட்டார். மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் அன்றைக்கே முடிவெடுத்தாக வேண்டும். மறுநாள் எல்லோரும் அவரவர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

தாய்மாமனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஒற்றை அறை வீட்டில் நான்கு பேர். சித்தப்பா குனிந்த தலை நிமிரவில்லை. ஓர் உறவினர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். ஏதோ ஒரு ஹோமின் சேர்க்கை விண்ணப்பம். "இங்கிலீஷ் மீடியம். சாப்பாடு, துணிமணி எல்லாம் அவுகளே பாத்துக்கிடுவாக. பொம்பளப் பிள்ளைக்கு ஒரு எடம், பயலுக்கு வேற எடம். கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்" என்றார். அம்மாச்சிக்கு 61 வயது, நூறு நாள் வேலைக்குப் போகிறவர். "நான் இருக்கிற வரைக்கும் கஞ்சி ஊத்திருவேன். எனக்கப்புறம்?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அங்கே யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. விண்ணப்பம் கொண்டுவந்தவரும் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டார். ஊராட்சி அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் நானும் உறுப்பினர் என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருடங்களுக்கு முன் இன்னொரு திண்ணையில் இதே மாதிரித் தாளை நானே என் பேனாவால் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன், நல்லது செய்வதாக நம்பி. அந்தப் பையன் பத்தாம் வகுப்போடு ஹோமிலிருந்து வெளியே வந்து ஊருக்குத் திரும்பியபோது, எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் பள்ளிக்கூட வாசலில் ஒரு பையோடு நின்றான். அவனைப் பார்த்த பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன்.

அப்படி ஒரு திண்ணையில் உட்கார நேரும் மாமனுக்கும் சித்திக்கும் ஆசிரியருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் இதை எழுதுகிறேன். வழிகள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது, என்ன போகிறது என்று பார்க்கலாம்.

சட்டம் சொல்லும் வரிசை

ஐக்கிய நாடுகள் சபை 1989 நவம்பர் 20-இல் குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 1992 டிசம்பரில் அதில் சேர்ந்தது. பிள்ளையைப் பற்றிய எந்த முடிவிலும் பிள்ளையின் நலனே முதன்மையாக இருக்க வேண்டும், அந்த முடிவில் பிள்ளையின் கருத்தையும் கேட்க வேண்டும் என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. அந்த உடன்படிக்கையின் வழியில் வந்ததுதான் நம்முடைய இளைஞர் நீதிச் சட்டம், 2015. அதன் மூன்றாம் பிரிவு அடிப்படைக் கொள்கைகளைச் சொல்கிறது. பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கு. இல்லத்தில் சேர்ப்பது மற்ற எல்லா வழியும் பார்த்த பிறகு, கடைசியாக. திண்ணையில் நாம் போடும் வரிசை பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. ஹோமில் இடம் கிடைக்குமா என்று முதலில் கேட்கிறோம். கிடைக்காவிட்டால்தான் சொந்தக்காரர் முகத்தைப் பார்க்கிறோம்.

வறுமை ஒன்றையே காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது, அந்தக் குடும்பத்துக்கு உதவி தேவை என்பதற்கான அடையாளமாகவே வறுமையைப் பார்க்க வேண்டும் என்று ஐ.நா. 2009-இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. என் பார்வையில் இந்த விஷயத்தின் உயிர்நாடி இதுதான். காசு இல்லை என்றால் காசுக்கு வழி தேட வேண்டும். பிள்ளையை இடம் மாற்றுவது அதற்கு மருந்தல்ல.

ஹோம்

இல்லங்களைப் பழித்துப் பேச எனக்கு மனம் வராது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் அரசு இல்லங்கள் திறந்தது. ஒரே காலைப் பொழுதில் அப்பா, அம்மா, மாமன், வீடு எல்லாவற்றையும் இழந்த பிள்ளைகளுக்கு அன்றைக்கு வேறு போக்கிடம் இல்லை. நாகையில் அப்படி வளர்ந்த பெண் பிள்ளைகளின் கல்யாணத்தில் அன்றைய கலெக்டரே வந்து நின்ற செய்தியைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். வீட்டுக்குள்ளேயே அடியும் பாலியல் கொடுமையும் அனுபவிக்கும் பிள்ளைக்கும் அந்த வீட்டை விட இல்லம் ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் ஹோம்களில் இருக்கிறவர்கள் எல்லோரும் அப்படிப்பட்ட பிள்ளைகள்தானா? மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2016-17-இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கில் 9,589 இல்லங்கள் இருந்தன. மற்ற எல்லா மாநிலத்தையும் விடத் தமிழ்நாட்டில் அதிகம். அந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் இருக்கும் பிள்ளை. யாருமே இல்லாத அநாதைப் பிள்ளைகள் அதை விடக் குறைவு. கணவனை இழந்த ஒரு தாய், தினக்கூலிக்குப் போய்க்கொண்டு இரண்டு பிள்ளைகளை வளர்க்க முடியாமல், அழுதுகொண்டே கொண்டுவந்து விட்ட பிள்ளைகள் அவர்கள்.

கொரோனா வந்தபோது இது இன்னும் வெளிச்சமானது. இல்லங்களில் இருந்த 2,27,518 பிள்ளைகளில் 1,45,788 பேர் குடும்பத்துக்கோ பாதுகாவலருக்கோ திருப்பி அனுப்பப்பட்டதாக 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் கணக்குக் கொடுக்கப்பட்டது. கேட்டதும் திறக்க அத்தனை வீடுகள் இருந்திருக்கின்றன. அப்படிப் போன பிள்ளைகளின் படிப்புக்குத் தேவையைப் பொறுத்து மாதம் 2,000 ரூபாய் கொடுக்கும்படி நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. வீடு இருக்கிறது, பணம்தான் இல்லை என்று நீதிமன்றத்துக்குப் புரிந்திருக்கிறது.

ஹோமில் கிடைப்பது என்ன? மூன்று வேளைச் சாப்பாடு, படுக்கை, படிப்பு, ஒழுங்கான நேரம். நல்ல இல்லமாக இருந்தால் அன்பான வார்டனும். போவது என்ன? முதலில், அண்ணன் தங்கை, அக்கா தம்பி பிரிவார்கள். ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் தனித்தனி இல்லம் என்பதால் இது பெரும்பாலும் நடந்தே தீரும். அடுத்து, ஊர் போகும். மாமன் மகன் கல்யாணம், பொங்கல் சீர், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும் நாள், தாத்தா சாவு என எதிலும் அந்தப் பிள்ளை இருக்காது. பத்து வருடம் கழித்து அது பெரியவனாகித் திரும்பும்போது சொந்தக்காரர்களுக்கு அவன் புது ஆள். 18 வயதில் இல்லம் வழியனுப்பிவிடும். 21 வரை பிற்காப்பு, அதாவது இல்லத்தை விட்டு வந்த பிறகும் தொடரும் உதவி, என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் தீபாவளிக்கு எந்த வீட்டுக்குப் போவது என்பதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது.

மிகச் சிறு பிள்ளையாக இருந்தால் இழப்பு இன்னும் ஆழம். ருமேனியாவில் சௌஷெஸ்கு ஆட்சி 1989-இல் விழுந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு இல்லங்களில் இருந்தார்கள். பின்னாளில் புகாரெஸ்ட் நகரத்து இல்லங்களிலிருந்து 136 சிறு குழந்தைகளை எடுத்து, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டு, வருடக்கணக்கில் ஆராய்ந்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும் மனிதரோடு ஒட்டும் தன்மையும் மேலாக இருந்தன. இரண்டு வயதுக்கு முன் போனவர்களுக்கு இன்னும் நன்றாக. அதன்பின் இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை இல்லத்தில் வைக்கக் கூடாதென்று அந்த நாடு சட்டமே போட்டது. அந்த வயதுக் குழந்தைக்குச் சோறு போதாது. அழுதால் தூக்குகிற அதே கை, அதே வாசம் வேண்டும். ஆள் மாறி ஆள் ஷிஃப்டுக்கு வரும் இடத்தில் அது கிடைக்காது. கைக்குழந்தையை ஹோமில் விடலாமா என்று என்னிடம் யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் வேண்டாம் என்பேன்.

ஹோம்தான் முடிவு என்றால் ஒரு நிபந்தனை. உறவினர் ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பிள்ளையை நேராகக் கொண்டுபோய் விடுவது சட்டப்படி செல்லாது. மாவட்டத்தில் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது, ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் அந்தக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். குழு விசாரித்து உத்தரவு போட்டால்தான் இல்லம் பிள்ளையை வைத்துக்கொள்ளலாம். இல்லம் பதிவு பெற்றதாகவும் இருக்க வேண்டும். தமிழக ஆதரவற்றோர் இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்படுவது பற்றி 2007-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில், எல்லா இல்லங்களையும் பதிவு செய்து சமூகத் தணிக்கை செய்யும்படி 2017 மே மாதம் தீர்ப்பு வந்தது. திண்ணையில் அந்த உறவினர் நீட்டிய தாளில் பதிவு எண்ணையே காணோம். நான் கேட்டபோது அவருக்கும் அப்படி ஒன்று உண்டு என்று தெரியவில்லை.

அம்மாச்சி, மாமன், சித்தி, அத்தை

நம் ஊரில் இதற்குப் பெயரே கிடையாது. 'பிள்ளை அம்மாச்சி வீட்டுல வளருது' என்பார்கள், அவ்வளவுதான். காது குத்துக்கும் சடங்குக்கும் தாய்மாமன் சீர் இல்லாமல் நடக்காத ஊர் நம்முடையது. பிள்ளை மாமன் மடிக்குச் சொந்தம் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அந்த உறவை அரசுத் திட்டங்கள் இப்போதுதான் கணக்கில் எடுக்கத் தொடங்கியிருக்கின்றன.

பணத்தை முதலில் பேசிவிடுவோம், தடை அங்கேதான் வருகிறது. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒரு பகுதி இருக்கிறது. பெரும்பாலானோர் ஸ்பான்சர்ஷிப் என்றே சொல்கிறார்கள். தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமத்தில் குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு இது பொருந்தும். கணவனை இழந்த அல்லது கணவனால் கைவிடப்பட்ட தாயின் பிள்ளைக்கும், பெற்றோர் தீராத நோயில் கிடக்கும் பிள்ளைக்கும் பொருந்தும். ஹோமில் பிள்ளையை விட்டுவிட்டு வந்த எத்தனை தாய்மாருக்கு இது தெரியும்?

தமிழ்நாடு அரசு 2021-இல் கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்பு நிதியும், உறவினர் வீட்டில் வளர்ந்தால் 18 வயது வரை மாதம் 3,000 ரூபாயும் அறிவித்தது. அப்போதே எனக்கு ஒரு வருத்தம் இருந்தது. கொரோனாவில் செத்தால் ஒரு கணக்கு, மஞ்சள் காமாலையில் செத்தால் வேறு கணக்கா? பிள்ளையின் பசிக்கு அந்த வித்தியாசம் தெரியாதே. 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டம் அந்த வித்தியாசத்தை அழித்தது. எந்தக் காரணத்தால் பெற்றோரை இழந்திருந்தாலும், ஒருவரை இழந்து மற்றவரால் கவனிக்க முடியாமல் போனாலும், 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். எது உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் என்பதைக் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டுக்கொள்ளுங்கள். நிதி ஆதரவையும் அன்புக் கரங்களையும் சேர்த்துக் கூட்டி மனக்கணக்குப் போட்டுவிட்டுப் பிறகு ஏமாற வேண்டாம்.

அம்மாச்சி வீட்டில் கிடைப்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆபத்துகளைத்தான் சொல்ல வேண்டும். சொந்தம் என்பதாலேயே வீடு பாதுகாப்பானதாகிவிடாது. போக்சோ வழக்குகளில் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு வருடா வருடம் சொல்கிறது. பெண் பிள்ளையை அழைத்துப் போய் வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்ட அத்தைகளை நான் பார்த்திருக்கிறேன். 'வயசுக்கு வந்துட்டா, யார் பொறுப்பு?' என்று பதினாறு வயதில் கட்டிக்கொடுக்கப் பார்த்த சித்தப்பாவையும் பார்த்திருக்கிறேன். பையனாக இருந்தால் ஒன்பதாம் வகுப்போடு மில் வேலை.

சொத்து இன்னொரு பொறி. இறந்தவர்கள் பெயரில் அரை ஏக்கர் இருந்தாலும் போதும், திடீரென்று பாசம் பொங்கும். மைனர் பிள்ளைக்கு உரிய நிலத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் பெற்ற தாய்கூட விற்க முடியாது. சும்மா வளர்க்கும் உறவினருக்கு அதில் கைவைக்க எந்த அதிகாரமும் இல்லை. பாதுகாவலராக வேண்டுமென்றால் 1890-ஆம் வருடத்துப் பாதுகாவலர் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். இதைப் பதினாறாம் நாளன்றே எல்லோர் காதிலும் விழும்படி சத்தமாகச் சொல்லிவிடுவது நல்லது. நான் சொன்னேன். இரண்டு பேருடைய பேச்சின் வேகம் குறைந்தது.

அதனால் உறவினர் வீடு என்று முடிவானாலும் குழந்தைகள் நலக் குழுவின் பார்வையில் பிள்ளை இருப்பதே நல்லது. அலகிலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார்கள், விசாரணை அறிக்கை எழுதுவார்கள், அடிக்கடி வந்து போவார்கள். 'நம்ம குடும்ப விஷயத்துல கவர்மெண்ட் எதுக்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளைக்கு அந்த வீட்டுக்கு வெளியே தெரிந்த முகம் ஒன்றாவது இருக்க வேண்டும். அதற்குத்தான்.

விடுதி என்னும் நடுவழி

ஹோமும் விடுதியும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். வேறு வேறு. ஆதிதிராவிடர் நலத் துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை நடத்தும் விடுதிகளுக்கு 2025-இல் 'சமூக நீதி விடுதி' என்று அரசு பெயர் மாற்றியது. பெண் பிள்ளைகளுக்குக் கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. இங்கே பிள்ளை குடும்பத்தின் பிள்ளையாகவே இருக்கிறது. படிக்கும் நாளில் விடுதி, லீவு விட்டால் வீடு. ரேஷன் கார்டில் பெயர் அம்மாச்சியோடு. பண்டிகைக்கு வரும், ஊர்த் திருவிழாவில் தேர் இழுக்கும்.

மேல்நிலைப் பள்ளி தூரமாக இருக்கும் ஊர்களில் 13, 14 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது நல்ல வழி. உடம்புக்கு முடியாத அம்மாச்சிக்குச் சுமையும் பாதியாகக் குறையும். ஆனால் பெற்றோரை இழந்த கையோடு ஒரு சின்னப் பிள்ளையை விடுதியில் தள்ளக் கூடாது. துக்கம் ஆற ஒரு வருடமாவது பழைய பாயில், பழைய சுவரைப் பார்த்துப் படுக்கட்டும். சேர்ப்பதற்கு முன் விடுதிக் கழிவறையையும் இரவில் யார் பொறுப்பு என்பதையும் நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள், குறிப்பாகப் பெண் பிள்ளை என்றால்.

வளர்ப்புக் குடும்பமும் தத்தும்

வளர்ப்புப் பராமரிப்பு என்பது சொந்தமில்லாத ஒரு குடும்பம், குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு, பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து வளர்ப்பது. அதற்கும் நிதி உதவி உண்டு. தாய் நீண்ட சிகிச்சையில் இருக்கிறார், தகப்பன் சிறையில் இருக்கிறார் என்ற நிலைமைகளுக்குப் பொருத்தமான யோசனை. ஆனால் 'யார் வீட்டுப் பிள்ளையோ, என்ன சாதியோ' என்ற பேச்சு இன்னும் ஓயாத நம் ஊர்களில் முன்வரும் குடும்பங்கள் மிகக் குறைவு. வளர வேண்டிய வழி என்று மட்டும் சொல்லிக் கடந்துபோகிறேன்.

தத்து நிரந்தரமானது. பிள்ளை சட்டப்படி அந்த வீட்டுப் பிள்ளையாகிவிடும். பழைய உறவுகளோடு சட்டத் தொடர்பு அறுந்துபோகும். யாருமற்ற கைக்குழந்தைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. தேசியத் தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிவு செய்து காத்திருக்கும் தம்பதிகள் ஏராளம். 2022 செப்டம்பரிலிருந்து தத்து உத்தரவை மாவட்ட ஆட்சியரே போடுகிறார். உறவினர் தத்தெடுக்கவும் இதில் வழி இருக்கிறது. பிள்ளைக்கு ஐந்து வயது தாண்டியிருந்தால் அதன் சம்மதமும் வேண்டும். பிள்ளையில்லாத சித்தி தன் அக்கா மகனை எடுத்து வளர்க்கிறார் என்றால், மனதில் இருப்பதைத் தாளிலும் கொண்டுவந்துவிடலாம். நாளைக்கு வாரிசுச் சான்றுக்கு யாரும் குறுக்கே நிற்க முடியாது.

ஆனால் ஒன்று. ஆஸ்பத்திரியிலோ வீட்டிலோ கைமாற்றிக் கொடுப்பது தத்து அல்ல. அது குற்றம், மூன்று வருடம் வரை சிறை உண்டு. காசு கைமாறினால் ஐந்து வருடம் வரை. 2021-இல் 'அம்மா அப்பா கொரோனாவில் போய்விட்டார்கள், இரண்டு பெண் குழந்தைகள், தத்தெடுக்க விரும்புவோர் இந்த எண்ணுக்கு' என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்திகள் உங்களுக்கும் வந்திருக்கும். நல்ல மனதோடு அதை ஃபார்வர்டு செய்தவர்கள் அநேகம் பேர். அப்படி ஒன்றைக் கண்டால் அழைக்க வேண்டிய எண் 1098.

காலைச் சாப்பாடும் ஒரு குழந்தைப் பாதுகாப்புத் திட்டம்தான்

இந்த முடிவு அந்தத் திண்ணையோடு முடிவதில்லை. அம்மாச்சியால் இரண்டு பிள்ளைகளை வளர்க்க முடியுமா என்பது, அரசு தன் பணத்தை எங்கே போடுகிறது என்பதைப் பொறுத்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு மதியச் சோற்றைக் கவனித்துக்கொள்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அந்தப் பையனின் காலைப் பசியை ஆற்றுகிறது. புத்தகம், சீருடை, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் வருகின்றன. கல்லூரிக்குப் போனால் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். நான் பென்சிலை எடுத்து அம்மாச்சி முன்னால் ஒரு நோட்டில் எழுதிக் காட்டினேன். வார நாட்களில் பையனுக்கு இரண்டு வேளை பள்ளியில், பெண்ணுக்கு ஒரு வேளை. மீதி வேளைக்கு ரேஷன் அரிசி இருக்கிறது. காய்கறி, எண்ணெய், சோப்பு, உள்ளாடை, நாப்கின், காய்ச்சல் வந்தால் மருந்து, நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை. இவைதான் கைக்காசு கேட்பவை. இரண்டு பிள்ளைக்கு 8,000 ரூபாய் வந்தால் முடியுமா என்று கேட்டேன். "முடியும் சார்வாள். எட்டாயிரம் நான் பாத்ததே இல்லியே" என்றார்.

காலை உணவைச் செலவு என்று பேசுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். பள்ளியில் இட்லியும் பொங்கலும் போடுவதால், ஒரு பாட்டி தன் பேரனை வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடிகிறது. ஹோமுக்குக் கட்டடம், வார்டன், சமையல், காவல், கண்காணிப்பு என்று போகும் பணத்தில் ஒரு பகுதி முன்கூட்டியே வீட்டுக்கு வந்தால், பாதி விண்ணப்பங்கள் எழுதப்படவே மாட்டா என்று நான் நம்புகிறேன். நிதி ஆதரவுக்கு ஒதுக்கும் பணத்தைக் கூட்டுவதும், அலகுகளில் காலியாகக் கிடக்கும் பணியிடங்களை நிரப்புவதும் பாலம் கட்டுவதற்கும் ரோடு போடுவதற்கும் குறைந்த வளர்ச்சிப் பணி அல்ல.

அப்படியானால் எதை எடுப்பது?

பாதுகாப்பான உறவினர் ஒருவர் இருந்தால் அவர் வீடு, நிதி ஆதரவோடு, குழுவின் பார்வையில். அக்கா தம்பி சேர்ந்திருக்க முடிகிற இடத்துக்கு எப்போதும் ஒரு படி கூடுதல் எடை கொடுங்கள். வளர்ப்பவருக்கு வயதானால் 'எனக்கப்புறம்?' என்ற கேள்விக்கு முன்கூட்டியே பதில் வேண்டும். இரண்டாவது ஆள் யார் என்று அன்றைக்கே பேசி, அவரும் மாதம் ஒரு முறை வந்து போக வேண்டும். பிள்ளை வளர்ந்து, பள்ளி தூரமானால் விடுதி. யாருமே இல்லாத சிறு குழந்தை என்றால் குழுவின் வழியாகத் தத்து. வீட்டிலேயே ஆபத்து, அல்லது உண்மையிலேயே ஒருவரும் இல்லை என்றால் பதிவு பெற்ற இல்லம், அதுவும் பிள்ளையின் ஊருக்குப் பக்கத்தில். இல்லம் என்றான பிறகும் யாராவது ஒருவர் மாதா மாதம் போய்ப் பார்த்துவிட்டு, லீவுக்கு அனுமதி வாங்கி ஊருக்குக் கூட்டி வர வேண்டும்.

முதல் மாதத்திலேயே எடுக்க வேண்டிய தாள்கள் சில இருக்கின்றன. பெற்றோரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வருமானச் சான்று, பள்ளியிலிருந்து போனஃபைடு, பிள்ளையின் ஆதார், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு, ரேஷன் கார்டில் பெயர் மாற்றம். இறந்தவர் பி.எஃப். பிடித்த வேலையில் இருந்திருந்தால் பிள்ளைக்கு 25 வயது வரை ஓய்வூதியம் உண்டு, அதை மறந்துவிடுகிறார்கள். எங்கள் அனுபவத்தில் வருமானச் சான்றுக்கே மூன்று தடவை அலைந்தோம். பாட்டி பெயரில் கேட்டால் தகப்பன் பெயர் எங்கே என்றார்கள். இறப்புச் சான்றின் நகலை எப்போதும் பையில் வைத்திருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் பிள்ளையிடம் கேட்க வேண்டும். அன்று திண்ணையில் இரண்டு மணி நேரம் பேசியும் யாரும் கேட்கவில்லை. நான் உள்ளே போனேன். அந்தப் பெண் அடுப்படியில் தம்பிக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். 'ஹோமுக்குப் போறியா?' என்று கேட்காமல், "ராத்திரி யார் பக்கத்துல படுக்குறீங்க?" என்று கேட்டேன். "அம்மாச்சி நடுவுல சார். தம்பி எந்திரிச்சா என்னயத்தான் தேடுவான், அதான் நான் வாசப்பக்கம் படுத்துக்கிடுவேன்" என்றாள். வெளியே வந்து அதை அப்படியே சொன்னேன். தாய்மாமன் அந்தத் தாளை வாங்கி மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நிதி ஆதரவு ஏழு மாதம் கழித்துத்தான் வந்தது. அதுவரை மளிகைக் கடையில் கடன் ஓடியது. மாமன் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து கடனில் கொஞ்சம் அடைத்துவிட்டுப் போவார். அலகிலிருந்து வந்த பெண் அலுவலர் அடுத்த தடவை வரும்போது, மேல்நிலைப் படிப்புக்கு விடுதியில் சேர விருப்பமா என்று அவளிடம் கேட்டிருக்கிறார். தம்பி ஐந்தாம் வகுப்பு முடிக்கட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றாளாம். அதையும் அறிக்கையில் எழுதிக்கொண்டு போனார்.